மூன்று கம்பி கேபோ: பி மேஜருக்குக் கைகொடுக்கும், எஃப் மேஜருக்கு இல்லை

கேபோ என்பது கிட்டாரின் கழுத்தில் (நெக்) மாட்டிக் கம்பிகளை அழுத்துகிற கவ்வி. வழக்கமான கேபோ ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும். இந்தச் சின்ன கேபோ 5, 4, 3 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் அழுத்திவிட்டு 6, 2, 1 மூன்றையும் சும்மா விட்டுவிடும் (6-ஆவதுதான் அடித்தொனி தரும் தடித்த கம்பி, 1-ஆவது மெல்லியது). பார்ஷியல் கேபோ, கட் கேபோ என்று பெயர் பல; கைசர் நிறுவனத்தின் ஷார்ட்-கட் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். ஸ்பிரிங் வைத்த மூன்று கம்பி வகை எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பார் கார்டு (ஒரே விரலைக் குறுக்கே படுக்க வைத்துப் பல கம்பிகளை அழுத்துகிற கார்டு) பிடிக்க விரல் வலிக்கிறது, குறுக்கு வழி ஏதாவது உண்டா என்று தேடுகிறவர்கள் பலர் கடைசியில் இதில் வந்துதான் நிற்கிறார்கள். குறுக்கு வழி உண்டு. ஆனால் எல்லாக் கார்டுக்கும் இல்லை.

2-ஆம் ஃப்ரெட்டை (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டிப் பின்னால் மாட்டினால், விரலே வைக்காமல் ஈ-பி-ஈ-ஏ-பி-ஈ (E-B-E-A-B-E) என்று ஒலிக்கும். அதுவே ஒரு ஈசஸ்4 கார்டு, அதாவது மூன்றாம் ஸ்வரத்துக்குப் பதில் நான்காம் ஸ்வரம் ஒலிக்கிற கார்டு. 1960களில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்கை ஒரு முழு ஸ்வரம் மேலே தூக்கினால் வருகிற அதே ஒலி. வித்தியாசம் ஒன்று உண்டு, அதுதான் முக்கியம். ட்யூனிங்கை மாற்றினால் கைக்குப் பழகிய வடிவங்கள் எல்லாம் கலைந்துபோகும். கேபோ மாட்டினால் கலையாது. 5-ஆம் கம்பியில் 4-ஆம் ஃப்ரெட் கேபோ இருந்தாலும் சி ஷார்ப்தான், இல்லாவிட்டாலும் சி ஷார்ப்தான். மாறுவது விரல் படாத கம்பி மட்டும்.

இதிலிருந்தே இந்தப் பொருளின் எல்லையும் தெரிந்துவிடும். 5, 4, 3 மூன்றிலும் விரல் வைத்துப் பிடிக்கிற கார்டு என்றால் கேபோ அங்கே எதுவும் செய்வதில்லை. சி ஷார்ப் மைனர்7-ஐ ×-4-6-4-0-0 என்று பிடிப்பதை இந்தக் கேபோவின் வித்தை என்று காட்டுவதுண்டு. அதைக் கேபோ இல்லாமலேயே அப்படியே பிடிக்கலாம். அந்த மூன்றில் ஒரு கம்பியாவது விரல் படாமல் ஒலிக்கிற கார்டில்தான் நமக்கு லாபம். (எண்கள் விரல் வைக்கும் ஃப்ரெட்டைக் குறிக்கும், 6-ஆம் கம்பியில் தொடங்கி 1 வரை. 0 என்றால் விரல் படாத திறந்த கம்பி. × போட்ட கம்பி ஒலிக்கக் கூடாது. கேபோ அழுத்துகிற இடத்தையும் 2 என்றே எழுதியிருக்கிறேன்.)

லாபம் எங்கே என்றால், முதலில் பி மேஜரில். வழக்கமான ×-2-4-4-4-2 பிடியில் ஆள்காட்டி விரல் 2-ஆம் ஃப்ரெட்டில் பார் போட வேண்டும், மோதிர விரல் 4-ஆம் ஃப்ரெட்டில் மூன்று கம்பிகளை மடக்கி அழுத்த வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கேபோ இருந்தால் 5-ஆம் கம்பியின் பி தானாகவே வந்துவிடும். 4-ஆம் ஃப்ரெட்டில் 4, 3, 2 கம்பிகளுக்கு நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று ஒவ்வொன்றாக வைத்தால் போதும்: ×-2-4-4-4-×. ஆள்காட்டி விரலுக்கு வேலை இல்லை என்று அதைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் நுனியை 3-ஆம் ஃப்ரெட் பக்கம் 6-ஆம் கம்பியின் மேல் லேசாகப் படுகிற மாதிரி வையுங்கள். தடித்த ஈ உள்ளே நுழைந்து கார்டைக் கெடுக்காது. 1-ஆம் கம்பியைச் சுண்டு விரலின் அடிப்பக்கம் தொட்டு அடக்கிவிடும். இதையும் சுலபமாக்க வேண்டுமானால் ×-2-4-4-0-0. இரண்டே விரல், பிசஸ்4. கேட்க விரிந்து அழகாக இருக்கும். ஆனால் மெட்டு டி ஷார்ப்பில் வந்து நிற்கிற இடத்தில், சும்மா ஒலிக்கிற 1-ஆம் கம்பியின் ஈ அதோடு முட்டும். அங்கே முழு பி மேஜர்தான் சரி.

ஈ ஸ்கேலில் மற்ற கார்டுகளையும் வரிசையாகப் பாருங்கள். ஈ: 0-2-2-4-0-0. ஒரே விரல், 3-ஆம் கம்பி 4-ஆம் ஃப்ரெட். இதில் ஜி ஷார்ப்பும் இல்லை, ஜியும் இல்லை. மேஜர், மைனர் இரண்டுக்கும் பொருந்தும். மேஜர் நிறம் வேண்டுமானால் 1-ஆம் கம்பி 4-ஆம் ஃப்ரெட்டில் சுண்டு விரலைச் சேருங்கள். ஈ/ஜி ஷார்ப்: 4-2-2-4-0-0. ஆள்காட்டி 6-ஆம் கம்பியில், மோதிர விரல் 3-ஆம் கம்பியில், அவ்வளவுதான். கேபோ இல்லாமல் இந்தக் கார்டை இத்தனை கம்பிகளோடு சுத்தமாக ஒலிக்க வைப்பது நன்றாக வாசிப்பவர்களுக்கே கஷ்டம். அடுத்து பிசஸ்4, அதற்கடுத்து மேலே சொன்ன சி ஷார்ப் மைனர்7.

இந்த நான்கு பிடிகளிலும் 3-ஆம் கம்பி 4-ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல் அசையாமல் இருப்பதைக் கவனியுங்கள். ஈயிலிருந்து ஈ/ஜி ஷார்ப்புக்குப் போக ஆள்காட்டியை மட்டும் சேர்க்கிறோம். பிசஸ்4-க்கு ஆள்காட்டியை எடுத்துவிட்டு நடு விரலை 4-ஆம் கம்பியில் வைக்கிறோம். சி ஷார்ப் மைனர்7-க்கு நடு விரல் 5-ஆம் கம்பிக்குப் போகிறது, சுண்டு விரல் 4-ஆம் கம்பி 6-ஆம் ஃப்ரெட்டுக்கு நீள்கிறது. நங்கூரம் போட்டது போல ஒரு விரல் நின்றுவிட்டால் கார்டு மாறும்போது கை தேடி அலையாது. இந்தக் கேபோவால் கிடைக்கிற உண்மையான வேகம் இதுதான். தனித்தனிக் கார்டு சுலபமாவதைவிட இது பெரிய விஷயம் என்பது என் கருத்து.

ஏ கார்டில்தான் வரிசை உடைகிறது. 5-ஆம் கம்பியைக் கேபோ பிடித்துக்கொண்டதால் திறந்த ஏ போய்விட்டது; அதே ஏ வேண்டுமானால் 6-ஆம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். பிடி 5-×-7-2-0-0, ஏசஸ்2 (மூன்றாம் ஸ்வரத்துக்குப் பதில் இரண்டாவது). 5-ஆம் கம்பியை ஆள்காட்டி விரலின் நுனிச் சதையால் தொட்டு அடக்குவது கட்டாயம். விட்டுவிட்டால் ஏயும் பியும் அடித்தொனியில் பக்கத்துப் பக்கத்தில் ஒலித்துக் குழம்பும். திறந்த டி, திறந்த ஜி இரண்டும் இதேபோல் போய்விடுகின்றன. எஃப் ஷார்ப் மைனர் இன்னும் மோசம். ஸ்பிரிங் வகையில் கீல் 6-ஆம் கம்பிப் பக்கம் இருப்பதால், 2-ஆம் ஃப்ரெட்டின் எஃப் ஷார்ப், 6-ஆம் கம்பியைத் தாண்டிப் போகிற கேபோவின் பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். விரல் நுழைய இடமில்லை. ×-4-4-2-0-0 என்று அடியில் சி ஷார்ப் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பேஸ் ஸ்வரம் இறங்கி வர வேண்டிய பாட்டில் அது எடுபடாது.

கேபோவைத் திருப்பிக் கீல் 1-ஆம் கம்பிப் பக்கம் வருகிற மாதிரி மாட்டினால் அது 4, 3, 2 கம்பிகளை அழுத்தும். ஈ-ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்-ஈ, அதாவது விரல் படாத ஏ மேஜர். ஒரே ஃப்ரெட்டில் மூன்று விரல்களை நெருக்கி வைக்க முடியாத தடித்த விரல்காரர்களுக்கு உதவும். மற்றபடி இந்தப் பக்கம் வாசிக்க அவ்வளவு இல்லை.

மாட்டும் முறையில்தான் பாதிப் புகார்கள் பிறக்கின்றன. ரப்பரின் முன்விளிம்பு ஃப்ரெட் கம்பியை ஒட்டி, ஆனால் அதன் மேல் ஏறாமல் இருக்க வேண்டும். மாட்டியதும் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். 6-ஆம் கம்பியை மட்டும் நன்றாக ஓங்கி அடியுங்கள். பாலத்தில் இடித்தால் உலோகச் சத்தம் கேட்கும். கேட்டால் கேபோவை நெக்கிலிருந்து ஒரு மயிரிழை வெளியே இழுத்து மாட்டுங்கள்.

சடசடப்பு எந்தக் கம்பியில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 12-இல் தொடங்கும் (1-ஆம் கம்பி 0.012 அங்குலம்) ஸ்டீல் கம்பி செட்டில் 5-ஆம் கம்பி சுமார் 1.07 மில்லிமீட்டர் தடிமன், 4-ஆவது 0.81, 3-ஆவது 0.61. ஃப்ரெட்போர்டின் வளைவு 5-ஆம் கம்பியைக் கொஞ்சம் தாழ்த்துகிறது, ஆனால் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் தடித்த 5-ஆம் கம்பி ரப்பரைத் தூக்கிப் பிடிக்க, மெல்லிய 3-ஆம் கம்பி போதுமான அழுத்தம் கிடைக்காமல் சடசடக்கும். கேபோவின் நுனியை ஃப்ரெட்போர்டை நோக்கி லேசாகச் சாய்த்து மாட்டினால் அது நிற்கும். நைலான் கம்பியில் கதையே வேறு. அங்கே 3-ஆம் கம்பிதான் தடி, சுமார் 1.02 மில்லிமீட்டர், நடுவில் இருக்கிற 4-ஆவது 0.74. ஃப்ரெட்போர்டும் தட்டை. எனவே நடுக்கம்பி தப்பித்துக்கொள்ளும். அதோடு கிளாசிக்கல் கிட்டாரின் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் காடிகளில் உட்காருகிற பட்டை) அகலம் 52 மில்லிமீட்டர். 43 மில்லிமீட்டர் நட்டுக்காகச் செய்த ரப்பர் அதில் மூன்று கம்பிகளையும் முழுதாக மூடாமல் போகலாம். வாங்குவதற்கு முன் 2-ஆம் ஃப்ரெட்டில் 5-ஆம் கம்பிக்கும் 3-ஆம் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். ரப்பர் அதைவிட 4 மில்லிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும், பக்கத்துக் கம்பியைத் தொடவும் கூடாது. நைலான் கிட்டார்க்காரர்கள் கையில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை சுருதி. எந்த ஸ்பிரிங் கேபோவும் கம்பியைக் கொஞ்சம் இழுத்து சுருதியை ஏற்றத்தான் செய்யும். முழு கேபோவில் ஆறும் சேர்ந்து ஏறுவதால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கே மூன்று ஏறுகிறது, மூன்று அப்படியே நிற்கிறது. ஒரே கார்டுக்குள் இரண்டு சுருதி! கேபோ மாட்டியபின் 3-ஆம் கம்பி 4-ஆம் ஃப்ரெட்டையும் திறந்த 2-ஆம் கம்பியையும் சேர்த்து மீட்டுங்கள். இரண்டும் ஒரே பி. அலை அலையாக ஒலி துடித்தால் 3-ஆம் கம்பி ஏறியிருக்கிறது. 4-ஆம் கம்பியைத் திறந்த 6-ஆம் கம்பியோடும், 5-ஆம் கம்பியைத் திறந்த 2-ஆம் கம்பியோடும் ஒப்பிடுங்கள். இரண்டு ஜோடியுமே சரியாக ஒரு ஆக்டேவ் தள்ளியிருக்க வேண்டும். கேபோ மாட்டியிருக்கும்போதே ட்யூனிங் கீயைத் திருப்பாதீர்கள். ரப்பருக்கு அடியில் கம்பி சிக்கிக்கொண்டு, நாலு அடி அடித்தபின் திடீரென்று நழுவும். கழற்றி, அந்த மூன்றையும் துளி இறக்கி, மறுபடி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற வகை கிடைத்தால் ஸ்பிரிங் வகையைவிட அதையே வாங்குங்கள். இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இனி எஃப் மேஜர். இந்தக் கேபோ அதற்கு எதுவும் செய்யாது. 1-ஆம் ஃப்ரெட் கேபோவுக்குப் பின்னால் போய்விடுகிறது. எஃப்புக்காகக் கேபோ தேடுகிறவர்கள் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சாதாரண முழு கேபோவை 1-ஆம் ஃப்ரெட்டில் மாட்டி, அதே பார் வடிவத்தை 2-ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் குற்றம் விரலில் இல்லை. நட்டின் காடிகள் உயரமாக இருக்கின்றன. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் காடியை அராவினால் போதும். அப்போதும் கஷ்டமாகவே இருந்தால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையாண்ட கட்டை விரல் முறை இருக்கிறது: 1-×-3-2-1-1. கட்டை விரல் நெக்கின் மேல்பக்கமாக வந்து 6-ஆம் கம்பியை அழுத்தும், அதன் நுனி 5-ஆம் கம்பியைத் தொட்டு அடக்கும். மோதிர விரல் 4-ஆம் கம்பி, நடு விரல் 3-ஆம் கம்பி, ஆள்காட்டி 2, 1 கம்பிகளுக்கு மட்டும். உள்ளங்கை நெக்கோடு ஒட்டியிருக்க வேண்டும். கட்டை விரல் நெக்கின் பின்னால் நிற்கிற கிளாசிக்கல் கைவாகில் இது வராது. 43 மில்லிமீட்டர் நட்டில் பெரும்பாலான கைகளுக்கு எட்டும், 52-இல் எட்டுவது அரிது.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு கம்பிக்கும் தனி நெம்புகோல் வைத்த கேபோ எந்தக் கம்பியையும் தேர்ந்து அழுத்தும்; ஆனால் மாட்ட நேரமாகும், பருமனும் அதிகம், மேடையில் பாட்டுக்குப் பாட்டு மாற்ற ஏற்றதல்ல. பொத்தானை அழுத்தினால் கார்டு வருகிற கருவி, விரல் நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வாசிக்கும் சந்தோஷத்தைத் தரும். அதற்காக அதை மதிக்கிறேன். கார்டு கற்றுக்கொள்ள வாங்கினால் விரல் கற்றுக்கொள்ளாது. வீட்டில் முழு கேபோ ஏற்கெனவே இருந்தால், அதை 1-ஆம் கம்பிப் பக்கத்திலிருந்து மாட்டி 6-ஆம் கம்பிக்கு முன்பே நிறுத்திப் பாருங்கள். 2-ஆம் ஃப்ரெட்டில் ஈ-பி-ஈ-ஏ-சி ஷார்ப்-எஃப் ஷார்ப், டிராப் டி ட்யூனிங்கின் (6-ஆம் கம்பியை மட்டும் டிக்கு இறக்குவது) ஒலி ஒரு முழு ஸ்வரம் மேலே. டி வடிவம் பிடித்தால் தடித்த அடித்தொனியோடு ஈ மேஜர் வரும். பார்ஷியல் கேபோ தனக்கு ஒத்துவருமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள இது நல்ல வழி.

ஈ, பி ஸ்கேல்களில் பாடுகிறவர்களுக்குத் துணையாக வாசிப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் ஒருவர் சாதாரணப் பிடிகளும் மற்றவர் இந்தக் கேபோவும் வைத்துக்கொண்டால் ஒலி நிறைந்து நிற்கும். வேறு ஸ்கேல் வேண்டுமானால் முழு கேபோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எஃப்புக்கு முழு கேபோ 1-இல், சின்னது 3-இல், ஜிக்கு முழு கேபோ 3-இல், சின்னது 5-இல். மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கி, கேபோவின் உடல் விரலை இடிக்கும். 7-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டிச் சின்னதை மாட்ட முயல வேண்டாம். வாசித்து முடித்ததும் கேபோவை நெக்கிலேயே விட்டுவிடாமல் கழற்றி வையுங்கள். மூன்றே கம்பிகளின் மேல் எப்போதும் அழுத்திக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும், பிறகு அந்தப் பள்ளத்தில் கம்பி உட்கார்ந்து மறுபடி சடசடக்கத் தொடங்கும்.