காரைக்குடி வெயிலுக்கு எந்த பிலிம் டெவலப்பர்?

மே மாதம் காரைக்குடியில் குழாயைத் திறந்தால் வருவது பாதி காய்ந்த வெந்நீர். என் தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டுகிறது. பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர்களுக்குப் போட்டிருக்கும் நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு. கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுகிற எனக்கு முதல் கவலை இந்த 13 டிகிரிதான். கிரெயின் (படத்தில் தெரியும் பொடிமணிகள்), ஷார்ப்னஸ் எல்லாம் அப்புறம்.

அடுத்தது நம் வீடுகள். கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவுக்குள் நின்று பாருங்கள். நடு முற்றத்தில் வெயில் கொட்டும். சுற்றி பர்மா தேக்குத் தூண்கள் இருட்டுக்குள் நிற்கும். இரண்டும் ஒரே ஃபிரேமில் வேண்டும் என்பதுதான் நம் ஆசை.

எனக்குக் கைகொடுப்பது டி-76 டெவலப்பர். லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் சேர்ந்த பழைய கோடக் ஃபார்முலா. அந்த சல்பைட் வெள்ளிமணிகளின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடுவதால் கிரெயின் மென்மையாகத் தெரியும். சம அளவு தண்ணீர் கலந்தால் கரைப்பது குறைந்து ஓரங்கள் துலங்கும். முற்றத்து வெயிலும் அவ்வளவாக வெளிறாது. இப்படிக் கலந்ததில் எச்பி5 என்ற வேகமான (ஒளியுணர்வு கூடிய) பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரி என்றால் ஏறக்குறைய ஏழரை. தாராளமான நேரம், பதற்றம் இல்லை. தொல்லை, பவுடரை வெந்நீரில் கரைத்து ஆறவைக்க வேண்டும். முழுப் பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியானால் இரண்டே மாதம்.

எச்சி-110 என்ற இன்னொரு டெவலப்பர் அந்த வகையில் சுகம். பவுடர் இல்லை, திரவம்; சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தால் போதும், நாள்பட வைத்திருக்கலாம். ஆனால் வழக்கமான 1+31 கலவையில் (ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர்) எச்பி5-க்கு 20 டிகிரியிலேயே 5 நிமிடம்தான். போன கோடையில் சூட்டுக்கேற்ப நேரத்தைக் குறைத்து மூன்றரை நிமிடத்தில் வெளியே ஊற்றிவிட்டேன். வானம் முழுக்கப் பட்டை பட்டையாக வந்தது. தப்பு என்னுடையது, ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவாது என்று தெரிந்தே செய்தேன். இப்போது 1+63 ஆக்கி நேரத்தை இரட்டிப்பாக்குகிறேன். பிலிம் கழுவும் சின்ன டேங்கில் 300 மில்லிக்கு 5 மில்லிகூட எச்சி-110 சேராது, ஒரு ரோலுக்கு அது பத்தாது. 500 மில்லி டேங்க் எடுங்கள்.

மூன்றாவது டெவலப்பர் ரோடினால் 1891-இல் வந்தது. பாட்டிலுக்குள் கருத்துப்போனாலும் வேலை செய்யும் கிழவன். கிரெயினைக் கரைக்கமாட்டான், அப்படியே துருத்திக் காட்டுவான். எஃப்பி4 மாதிரி மெதுவான (ஒளியுணர்வு குறைந்த) பிலிமில் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கோலம் ஊசி குத்தினதுபோல வரும். எச்பி5-ஐ இதில் போட்டால் சுண்ணாம்புச் சுவரெல்லாம் மணல் தூவினதுபோலத் தெரியும், எனக்குப் பிடிக்கவில்லை. 1+100-இல் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைப்பதைச் சிலர் புகழ்வார்கள். நம் கோடையில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் டேங்க் சூடேறிவிடும், வேண்டாம்.

எதை எடுத்தாலும் தண்ணீர் மண்பானையிலிருந்துதான். நம் ஊர் வறண்ட காற்றுக்குப் பானை நன்றாகக் குளிரும். மிச்சத்துக்கு ஐஸ், அதையும் டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி, டேங்க் நிற்கும் வாளியில் மிதக்கவிடுங்கள். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலையும் அதே வாளியில் வைத்துவிடலாம்.