பைக்கில் சிபி ரேடியோ மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் டூரிங் பைக் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிபி (ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் பேச உதவும் ரேடியோ) மாட்டித் தருகிறோம் என்று சொல்லி ஒரு ஆக்சஸரி கடை என்னை நன்றாக மொட்டையடித்துவிட்டது. கடையின் பெயர் வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

வண்டி ஹோண்டா கோல்ட் விங். ஆடியோவும் ஹெல்மெட் ஹெட்செட்டும் ஏற்கெனவே இருந்தன. எங்கள் குழு ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போவதாக இருந்தது. அந்த மலைப்பாதையில் பல இடங்களில் செல்போன் சிக்னலே வராது. வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்தால் முன்னால் போகிறவர் சொல்லித்தான் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். "பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும் சார், யாராவது பேசினால் தானாகத் தணியும்" என்றார்கள். நல்ல தொகை வாங்கினார்கள்.

வண்டியை எடுத்து ஆக்சிலேட்டரைத் திருகினால் ஹெட்செட்டில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. நான் பேசுவது பக்கத்து வண்டியைத் தாண்டவில்லை. லாரிக்காரர்கள் ஓயாமல் பேசும் 19ஆம் சேனலில்கூட ஒரு பதில் இல்லை.

திரும்பப் போனேன். நாய்ஸ் ஃபில்டர் போடணும் என்றார்கள், அதற்குத் தனிக் காசு. சத்தம் போகவில்லை. இன்னும் உயரமான ஆன்டெனா வேண்டும் என்றார்கள், அதற்கும் காசு. கடைசியில் "பவர் பத்தலை, லீனியர் ஆம்ப் போட்டுடலாம்" என்றார்கள். அனுப்பும் பவரைக் கூட்டும் கருவி அது. அங்கேதான் கை கழுவினேன். சிபிக்கு ஏஎம்மில் 4 வாட்தான் அனுமதி. லீனியர் ஆம்ப் வைப்பது எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) விதிக்கு விரோதம். பிடிபட்டால் அபராதம் கடைக்காரனா கட்டுவான்?

குழுவில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஆன்டெனாவுக்குப் போகும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது அது; 1க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 1, 19, 40 என்று எந்தச் சேனலில் பார்த்தாலும் 3க்கு மேல். 1இல் மட்டும் அதிகமென்றால் ஆன்டெனா குட்டை, 40இல் மட்டும் அதிகமென்றால் நீளம்; எல்லாவற்றிலும் எகிறினால் கோளாறு வேறெங்கோ என்றார். இந்த நிலையில் பேசிக்கொண்டே இருந்தால் ரேடியோவின் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடுமாம். "பேசிப் பேசிப் பழகுங்க, செட் ஆகிடும்" என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்!

சீட்டைக் கழற்றினோம். கோல்ட் விங்கின் பின்பெட்டி பிளாஸ்டிக். கார் கூரை மாதிரி அடியில் உலோகத் தளம் கிடையாது. அதனால் கிரவுண்ட் பிளேன் எனப்படும் அந்தத் தளம் தேவைப்படாத வகை ஆன்டெனாதான் போட வேண்டும். பில்லில் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அதோடு வரும் கேபிளின் நீளமும் ட்யூனிங்கில் சேர்ந்தது, வெட்டவே கூடாது. மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்கச் சோம்பல்பட்டு நறுக்கியிருந்தார்கள்.

சத்தத்துக்குக் காரணம் கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் இணைப்பு. சிபியின் நெகட்டிவை பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் தடுத்ததால் கரண்ட் ஹெட்செட் கேபிள் வழியாக ஆடியோ யூனிட்டுக்குள் புகுந்து திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டின் நெகட்டிவையும் ஒரே இடத்துக்கு, பேட்டரிக்கே கொண்டுபோனதும் சத்தம் நின்றது. வெட்டாத புது கேபிளோடு எஸ்டபிள்யூஆர் 1.5க்குக் கீழே வந்தது. ஃபில்டர் சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றிப் போட்டோம்.

மாட்டக் கொடுப்பவர்கள் மூன்று சேனல் மீட்டர் அளவையும் உங்கள் கண்முன்னே எடுத்து பில்லில் எழுதச் சொல்லுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, முறுக்கிப் பார்த்துவிட்டுக் கார்டை நீட்டுங்கள். வெட்டின கேபிளின் போட்டோவோடு என் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் பணத்துக்குப் பதில் ஸ்டோர் கிரெடிட் தருகிறாராம்.