கரியா, பாஸ்டலா? முகம் வரைய எது தோது

முகம் வரையப் பழகத் தொடங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கரி வாங்கவா பாஸ்டல் வாங்கவா என்பதைத்தான். பதினொரு வருடமாக வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து முகங்கள் வரைகிறேன். இரண்டையும் மாறி மாறிப் பிடித்திருக்கிறேன். யாருடைய முகம், எதைப் பார்த்து வரையப்போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கரியில் இருந்து தொடங்கலாம். அதற்குக் கடைக்கே போகத் தேவையில்லை. ஓவியர்கள் பிடிக்கும் நல்ல மென்கரி, வில்லோ மரக் குச்சியிலோ முந்திரிகைக் கொடியிலோ சுட்டது. முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் கொடியைக் கத்தரித்து விடும்போது வேலியோரம் குவியும் குச்சிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால் ஒரு கட்டுத் தருவார்கள். சுண்டுவிரல் தடிப்பில் நேரான குச்சிகளாகத் தெரிந்தெடுத்து, பட்டையை உரித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, பால்மாப் பேணிக்குள் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரேயொரு துளை. பேணியை விறகடுப்பில் வைத்தால் முதலில் துளையால் வெள்ளைப் புகை வரும். அப்புறம் அந்தப் புகையே நெருப்புப் பிடித்துச் சின்னச் சுடராக எரியும். அது அடங்கியதும் பேணியை எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. சூட்டோடு மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் தணலாகிச் சாம்பலாகிவிடும். நான் இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் திறப்பேன். சரியாகச் சுட்ட குச்சியை மேசையில் போட்டால் கண்ணாடித் துண்டு போலக் கிண்ணென்று ஒலிக்கும். உடைத்துப் பார்த்து நடுவில் மண்ணிறம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். அது கடதாசியைக் கீறும்.

மென்கரி கடதாசியைக் கெட்டியாகப் பிடிக்காது. அதுதான் அதன் பெரிய குணம். மூக்கு ஒரு நூல் தள்ளி விழுந்துவிட்டதா, துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். முகம் பழகும் முதல் வருடம் முழுக்கத் திருத்துவதுதான் வேலை. அந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. அழிறப்பர் வருவதற்கு முன்னர் ஓவியர்கள் பாணின் நடுப்பகுதியைப் பிசைந்து கரியை எடுத்தார்கள். இன்றைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. நேற்றைய பாண், பட்டர் படாதது என்றால் போதும். நெற்றியில் வெளிச்சம் விழுந்த இடத்தையும் கீழிமையின் ஈரத்தையும் நான் வரைவதில்லை, பாணால் ஒற்றி எடுக்கிறேன்.

பசை சேர்த்து அழுத்திச் செய்த கரியும் இருக்கிறது. அட்டைக் கறுப்பு. பிடித்தால் விடாது. கண்மணி, மூக்குத்துளை, உதடுகள் சேரும் கோடு இவற்றுக்கு மட்டும் கடைசியில் எடுங்கள்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ், 1914இல் மகனைப் போரில் பறிகொடுத்த தாய். 1933இல் அவர் தன்னையே கரியில் வரைந்த படத்தில் முகம் அவ்வளவு கவனமாக இருக்கும், வரையும் கையும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் புயமோ ஒரே வேகத்தில் இழுத்த கிறுக்கல். அந்தக் கிறுக்கலில்தான் அவருடைய முழுப் பலமும் இருக்கிறது. முகத்தை மட்டும் முடித்து மற்றதை விட்டுவிடக் கரி இடம் தரும். என் கையில் பாஸ்டல் அப்படி விடுவதில்லை. பாதியில் நின்றால் பாதியில் நின்றதாகவே தெரிகிறது.

பாஸ்டல் என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது, பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணெய்ப் பாஸ்டல். மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, முழுதாகக் காய்வதே இல்லை. சித்திரை வெக்கையில் விரலில் பிசுபிசுக்கும், கண்ணை வரையும்போது மழுங்கும். முகத்துக்கு வேண்டியது மென்பாஸ்டல். நிறத்தூளைக் கொஞ்சம் பிசினோடு பிடித்துக் காயவைத்த கோல் அது. கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ வருபவர்களிடம் சொல்லித்தான் எடுப்பிக்கிறேன். வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா 1720இல் பாரிசுக்குப் போய், சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயி மன்னனைப் பாஸ்டலில் வரைந்தவர். மென்பாஸ்டலில் எண்ணெய் இல்லாததால், எண்ணெய் ஓவியம் மஞ்சளிப்பதுபோல இது மஞ்சளிப்பதில்லை.

ஆனால் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று வரும் இளஞ்சிவப்புக் கோல் எங்களுக்கு உதவாது. பின்னேரம் நாலு மணி வெளிச்சத்தில் விறாந்தைக் கதிரையில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இதைப் படித்தேன். நெற்றியில் மஞ்சள் கலந்த செம்மண், கன்ன எலும்பில் செம்பு, கண்குழியில் ஊதா. தாடைக்குக் கீழே முற்றத்து வேம்பின் பச்சை பட்டுத் திரும்பியிருக்கும். மண்ணிறக் கடதாசியில் முதலில் கரும் ஊதாவையும் கருநீலத்தையும் மெல்லிதாகப் போட்டு, அதன் மேல் பழுப்பு, கடைசியில் வெளிச்சத்துக்கு மஞ்சள் மண். கறுப்பைத் தொடவே வேண்டாம். எங்கள் தோலில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூசியதுபோலச் செத்துவிடும். விரலால் எல்லாவற்றையும் தேய்க்கவும் வேண்டாம். கோடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் விட்டால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது தோல் உயிரோடு இருக்கும். இந்தச் சந்தோஷத்தைக் கரி தராது.

அதற்கு ஒரு விலை உண்டு. நாலைந்து பூச்சில் கடதாசியின் சுரசுரப்பு நிரம்பிவிடும். அதற்குமேல் நிறம் பிடிக்காமல் வழுக்கும். கரியில் பத்துத்தரம் திருத்தலாம், பாஸ்டலில் மூன்றாந்தரமே யோசிக்க வேண்டும். நேரமும் அப்படித்தான். கரியில் ஒரு மணித்தியாலத்தில் முகம் வந்துவிடும், பாஸ்டல் இரண்டு மூன்று பின்னேரம் கேட்கும். சின்னப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் இருக்கமாட்டார்கள். அவர்களை நான் கரியில்தான் வரைகிறேன்.

தூள் இரண்டிலும் உண்டு. வாயால் ஊதாமல் பலகையை வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். வரையும்போது ஃபானை நிறுத்துங்கள், மாஸ்க் போடுங்கள். பாஸ்டல் நிறங்கள் சிலவற்றில் கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கலாம். முடிந்த படத்துக்கு, தூளைக் கடதாசியோடு பிடித்து வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் கரி அப்படியே நிற்கும், பாஸ்டலின் வெளிச்சங்கள் மங்கி இறங்கும். அதனால் பாஸ்டலுக்கு நான் அடிப்பதில்லை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இரண்டிலும் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடையில் அட்டை வைத்துச் சட்டமிடுங்கள், ஈரம் ஊறும் சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டால் அது மின்னேற்றம் கொண்டு பாஸ்டல் தூளை இழுத்துக்கொள்ளும்.

சரி, பழைய படத்தைப் பார்த்து வரைவதென்றால்? இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, கரிதான். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமம் பகுதிச் சனமே வீடுகளை விட்டு எழும்பி நடந்தபோது எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டைப் படம். கறுப்பு வெள்ளை, தீப்பெட்டியிலும் சிறியது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அன்ரி ஒருவர் அப்படியொரு படத்தைக் கொண்டுவந்து, கணவரை நிறத்தில் வரைந்து தரச் சொன்னார். மூன்று பின்னேரம் பாஸ்டலில் இருந்தேன். சாயல் பிசகவில்லை. அவர் கனநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, அவர் இவ்வளவு வெள்ளையே?” என்று கேட்டார்.

அந்த நிறம் நான் பார்த்த நிறமில்லை. என் பெட்டியில் இருந்த நிறம். அடுத்த நாள் கரியில் புதிதாக வரைந்தேன். படத்தில் இருந்த இருளையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தத் தரம் அவர் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “சந்தனப் பொட்டு மட்டும் வைக்க ஏலுமே?” என்றார்.

பாஸ்டல் பெட்டியைத் திறந்து நீட்டினேன். நான் எடுத்திருக்கக்கூடிய மஞ்சளை விட்டுவிட்டு, மங்கிய, மண் கலந்த ஒரு கோலில் விரலை வைத்தார்.

“காலைமை பூசேக்க இருக்கிற நிறம் இல்லைத் தம்பி. வேலையால வரேக்க இப்பிடித்தான் காய்ஞ்சு போயிருக்கும்.”

ஃபிக்ஸேட்டிவ் காய்ந்த கரியின் மேல், அந்தக் கோலால் ஒரு புள்ளி வைத்தேன்.