பின்சாய்ந்த ஸ்பிரெடர் பாய்மரம்: லங்காவி கடலில் நீண்டகாலம் ஓட்டிய அனுபவம்

என் படகு 36 அடி நீளமுள்ளது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் ஸ்பிரெடர்கள் அதில் நேர் பக்கவாட்டில் நீளாமல், ஏறத்தாழ 20 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இதற்கு முன் நான் வைத்திருந்த படகில் ஸ்பிரெடர்கள் நேராக இருந்தன. அதில் பாய்மரத்தின் உச்சியிலிருந்து பின்புறம் பேக்ஸ்டே என்னும் கனமான கம்பி இறங்கும், கீழ்ப்பகுதியை முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடிக் கம்பிகள் பிடித்திருக்கும். இரண்டையும் பினாங்கு, லங்காவி, புக்கெட் இடையிலான அதே கடலில் பல பருவங்கள் ஓட்டியிருப்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பின்சாய்ந்த அமைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாய் (பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் முதன்மைப் பாய்) ஸ்பிரெடரில் உரசிக் கிழியும் என்பதையே எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் என் கணக்கில் அது இரண்டாம்பட்சமான குறை. இந்த அமைப்புக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை, பின்காற்றில் பாயைக் குறைக்க வேண்டிய நேரத்தில்தான் தெரியவருகிறது.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை அன்றாடம் கிடைப்பவை. ஷ்ரவுட்கள் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் தளத்தில் இறங்குவதால், அவையே பக்கவாட்டிலும் பின்னோக்கியும் ஒருசேர இழுக்கின்றன. அந்த இழுவையில் ஸ்பிரெடர்கள் பாய்மரத்தின் நடுப்பகுதியை முன்னோக்கித் தள்ள, மரம் மெல்லிய முன்வளைவோடு உறுதியாக நின்றுவிடுகிறது. மலாக்கா நீரிணையில் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும்போது எழும் குட்டையான, செங்குத்தான அலைகளில் என் பழைய படகின் பாய்மர நடுப்பகுதி முன்னும் பின்னுமாகத் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தப் படகில் அந்தத் துடிப்பு இல்லை. முன்பாயின் கம்பி உச்சிக்குக் கீழேயே முடியும் பாய்மரங்களில் ஸ்பிரெடர்கள் நேராக இருந்தால், பந்தயப் படகுகளில் காண்பதுபோல ஒவ்வொரு ஜைபின்போதும், அதாவது பின்காற்றில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போதும், ஒரு பக்க ரன்னிங் பேக்ஸ்டே என்னும் அவிழ்க்கக்கூடிய பின்கம்பியை அவிழ்த்து மறுபக்கத்தை இறுக்க வேண்டியிருக்கும். அவ்வேலையில் ஒரு நொடி தவறினால் பாய்மரமே போய்விடக்கூடும். இரண்டு பேர் மட்டும் ஓட்டும் குடும்பப் படகுக்கு அந்தக் கவலை அறவே இல்லாமல் போவது சிறிய நன்மை அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் பெர்க்ஸ்டிராமும் ஸ்வென் ரிடரும் உருவாக்கிய பி அண்டு ஆர் அமைப்பு இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது: ஸ்பிரெடர்களை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, பேக்ஸ்டேயையே நீக்கிவிட்டது. லங்காவியிலும் புக்கெட்டிலும் வாடகைக்கு ஓடும் கட்டமரன்கள் (இரட்டையுடல் படகுகள்) பெரும்பாலும் பேக்ஸ்டே இல்லாமல், பின்சாய்ந்த ஷ்ரவுட்களை நம்பியே நிற்பவை. அவற்றின் பெரும்பாய் உச்சியில் அவ்வளவு அகலமாக இருக்க முடிவதும் இடிக்கப் பேக்ஸ்டே இல்லாததால்தான்.

என் படகில் ஒரு மெல்லிய பேக்ஸ்டே உண்டு. அது பாய்மரத்தின் உச்சியை வளைத்துப் பெரும்பாயைத் தட்டையாக்கும் வேலையையே முதன்மையாகச் செய்கிறது; முன்பாயைத் தாங்கும் ஃபோர்ஸ்டேயை விறைப்பாக வைத்திருக்கும் பொறுப்பில் பெரும்பகுதி ஷ்ரவுட்களின் மேல் விழுகிறது. அவற்றின் அடிப்பிடிப்போ பாய்மரத்தின் அடியிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் பின்தள்ளி இருக்கிறது, பேக்ஸ்டேயின் அடியோ ஐந்து மீட்டர் பின்னால் இருக்கும். பந்தற்காலைப் பின்னுக்கு இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு, காலின் அடியை ஒட்டியே முளையடித்தால் எவ்வளவு இறுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கிவிடும். அதே பின்னிழுவையைப் பெற ஷ்ரவுட்கள் பல மடங்கு இறுக்கத்தைச் சுமக்க வேண்டும், அந்தச் சுமை முழுவதும் பாய்மரத்தை அமுக்கி, அதன் அடியிலும் படகின் உடலிலும் இறங்குகிறது.

ஆகவே இந்த அமைப்பில் இறுக்கத்தை அளவோடு வைப்பதே பாதி வேலை. நேர் ஸ்பிரெடர் அமைப்பில் பாய்மரத்தின் மேற்பகுதிவரை செல்லும் கேப் ஷ்ரவுட்டை முறிவுச் சுமையின் (கம்பி அறுந்துபோகும் சுமையின்) 15 விழுக்காடு வரை இறுக்கினால் பொதுவாகப் போதும். பின்சாய்ந்ததில் 20 விழுக்காடு அளவுக்குப் போக வேண்டும், 25-ஐத் தாண்டக்கூடாது. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 19 இழைக் கம்பியில் இரண்டு மீட்டர் நீளத்தை ஓர் அளவுகோலால் குறித்துக்கொண்டு இறுக்கினால், அது நீளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முறிவுச் சுமையின் 5 விழுக்காட்டைக் குறிக்கும். கம்பியின் தடிமன் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. கேப் ஷ்ரவுட்களை முதலில் இறுக்கி முன்வளைவைப் பெற்று, பிறகு கீழ் ஷ்ரவுட்களால் அந்த வளைவை வேண்டிய அளவுக்குக் குறைத்து, கடைசியில் நடுக் கம்பிகளைச் சரிசெய்வது என்ற வரிசையை நான் மாற்றுவதில்லை. ஒருமுறை துறைமுகத்தில் அமர்த்திய, பாய்மரக் கம்பிகளை அமைத்துத் தரும் ரிக்கர் ஒருவர் பழைய வழக்கப்படி 15 விழுக்காட்டிலேயே நிறுத்திவிட்டுப் போனார். கரையில் பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது; கடலுக்குப் போனதும், காற்றெதிர் ஓட்டத்தில் படகு 20 பாகை சாய்ந்தபோது, காற்றொதுக்குப் பக்க ஷ்ரவுட் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. அது தளர்ந்த கணத்திலிருந்து பின்னோக்கி இழுக்கும் வேலையை ஒரே ஒரு ஷ்ரவுட்தான் செய்கிறது. ஃபோர்ஸ்டே தொய்கிறது, முன்பாய் பை போல உப்புகிறது, காற்று கூடக்கூடப் படகு அதிகம் சாய்ந்து குறைவாக முன்னேறுகிறது. இந்த அமைப்பு காற்றெதிரே சரியாக ஏறுவதில்லை என்று குறைகூறும் பலருக்கு, முதலில் அந்தக் கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்க்கும்படிதான் சொல்வேன்.

காற்றெதிர் ஓட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று முன்பாயின் அளவு. ஷ்ரவுட்களின் அடிப்பிடிப்புகள் படகின் விளிம்பருகே இருப்பதால், பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாயான ஜெனோவாவை உள்ளே இழுத்துக் கட்ட வழியில்லை. ஃபோர்ஸ்டேயின் அடிக்கும் பாய்மரத்துக்கும் இடையிலான தூரத்தில் 105 விழுக்காடு அளவுள்ள ஜிப் என்னும் சிறிய முன்பாய்தான் பொருந்துகிறது. பக்கம் மாற்றுவது அதனால் மிக எளிதாகிவிட்டது. ஆனால் மலாக்கா நீரிணையில் ஆறேழு நாட் (மணிக்கு ஆறேழு கடல்மைல்) காற்றே பல மணி நேரம் வீசும் நாட்கள் ஏராளம், பழைய படகின் 140 விழுக்காட்டு ஜெனோவா அப்போது நினைவுக்கு வரத்தான் செய்கிறது. மெல்லிய காற்றுக்கென்று தனியாகக் கோட் சீரோ என்னும் பெரிய முன்பாய் ஒன்று வாங்க நேர்ந்தது. படகின் விலையோடு அதையும் சேர்த்தே கணக்கிடுவது நல்லது.

இனி உரசல். 20 பாகை சாய்ந்த ஷ்ரவுட்கள், பெரும்பாயின் அடியைத் தாங்கும் பூம் என்னும் கட்டையை நடுக்கோட்டிலிருந்து 70 பாகைக்கு மேல் வெளியே விட அனுமதிப்பதில்லை. பாயின் மேற்பகுதி முறுகினால் அதற்கு முன்பே ஸ்பிரெடர் முனையில் சாய்ந்துவிடும். நேர்ப் பின்காற்றில் அந்த இருபது பாகை இழப்பால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை, துணிதான் தேய்கிறது. பூமைக் கீழ்நோக்கி இழுத்துப்பிடிக்கும் பூம் வாங்கை இறுக்கி முறுக்கைக் குறைப்பதும், பூம் துள்ளாதபடி முன்னோக்கி ஒரு கயிறு கட்டுவதும், நேர்ப் பின்காற்றில் ஓடாமல் காற்றுக்கு 160 பாகை கோணத்தில் ஜைப் செய்து செய்து போவதும் எனக்குப் பயன்பட்டன. 160 பாகையில் ஓடினால் தூரம் 6 விழுக்காடு மட்டுமே கூடுகிறது, படகு அதைவிட வேகமாக ஓடிவிடுகிறது. 150 பாகைக்கு வந்தால் 15 விழுக்காடு கூடுவதால், மெல்லிய காற்றில் மட்டுமே அது கட்டுப்படியாகும். வாடைக்காற்றுப் பருவத்தில் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலிக்குச் செல்லும் சுமார் 1,100 கடல்மைல் பாதையில் காற்று பின்பக்கச் சாய்வாகவே கிடைப்பதால், உரசல் அஞ்சிய அளவுக்கு இல்லை. பாயில் ஒட்டியிருந்த காப்புத் துணிகளைக் கெடுத்தது ஸ்பிரெடரைவிட வெயில்தான். பசை இளகி ஓரங்கள் சுருண்டுவிட்டன, பிறகு அவற்றைத் தைத்தே பொருத்தச் சொன்னேன்.

முதலில் சொன்ன பெரிய விலைக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்ராஸ் எனப்படும் சூறைக்காற்று இந்த நீரிணையைக் கடக்கிறது. பத்து நாட் காற்று சில நிமிடங்களில் 40 நாட் ஆகிவிடும். பெரும்பாயிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டுமானால், பூம் காற்றின் திசைக்கே திரும்பும்வரை அதைத் தளர்த்த வேண்டும். பூம் 70 பாகையில் நின்றுவிடும் படகில், உணரும் காற்று 70 பாகைக்கு முன்னால் வந்தால்தான் அது நடக்கும். அதற்குப் பின்னால் இருக்கும்வரை, பூமைப் பிடித்திருக்கும் கயிறான ஷீட்டை எவ்வளவு விட்டாலும் பாயில் காற்று நிறைந்தே இருக்கும். கீழே இறக்கலாமென்றால், துணி ஸ்பிரெடர்களின் மேலும் ஷ்ரவுட்களின் மேலும் அழுந்தி, பாயை விறைப்பாக வைக்கும் பாட்டன் என்னும் சட்டங்கள் கம்பிகளில் மாட்டிக்கொள்கின்றன. பழைய படகில் அதே நிலையில், பின்காற்றிலேயே பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வலித்து இறக்கிவிடலாம். இதில் சூறை தாக்கும் நேரத்தில், இருட்டில், படகைக் காற்றை நோக்கித் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்படித் திரும்பும்போது காற்றின் வேகம் இன்னும் கூடியதாக உணரப்படும், அலையும் பக்கவாட்டில் வந்து அடிக்கும். பேக்ஸ்டே இல்லை என்பதற்காக அஞ்சுபவர்கள் இதற்குத்தான் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. சூறை வரக்கூடிய இரவுகளில், இருட்டுவதற்கு முன்பே இரண்டாம் ரீஃப் எடுத்துவிடுகிறேன் (பெரும்பாயை இரண்டாம் படிவரை இறக்கிச் சுருக்கிக் கட்டுவது), அல்லது பெரும்பாயை இறக்கிக் கட்டிவிட்டுச் சுருட்டும் முன்பாயை மட்டும் வைத்து ஓடுகிறேன். வேகம் குறைகிறது, இரவில் அது எனக்குப் பொருட்டல்ல.

பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. கம்பிகள் எப்போதும் உயர்ந்த இறுக்கத்தில் இருப்பதால், கம்பி முனைகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்றும், ஸ்பிரெடர் பாய்மரத்தோடு சேரும் அடிப்பகுதியில் உலோகம் பிளந்திருக்கிறதா என்றும் ஆண்டுக்கொருமுறை மேலேறிப் பார்க்கிறேன். கம்பிகளைப் பத்து ஆண்டுகளில் மாற்றுவது பொதுவான வழக்கம். இந்த வெப்பத்திலும் உப்பிலும் அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. பாலங்களுக்கடியில் போவதற்காகப் பாய்மரத்தை அடிக்கடி சாய்த்து இறக்குபவர்களுக்கு மட்டும் இந்த அமைப்பு உண்மையிலேயே தொல்லை: பின்னோக்கிச் சாய்க்கத் தொடங்கியதுமே ஷ்ரவுட்கள் தளர்ந்துவிடுவதால், மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்க ஒன்றுமிருக்காது.

புதிய பெரும்பாய் தைக்கக் கொடுப்பவர்கள், காப்புத் துணிகளின் இடத்தைப் பாய் தைப்பவரின் கணினி வரைபடத்தை நம்பி முடிவுசெய்ய வேண்டாம். பாய் வந்ததும், காற்றில்லாத காலையில் ஸ்பிரெடர் முனைகளில் உதட்டுச்சாயம் பூசி, பாயை முழுவதும் ஏற்றி, பூமை வெளியே தள்ளித் துணியை முனையோடு அழுத்திப் பாருங்கள். பிறகு முதல் ரீஃபிலும் இரண்டாம் ரீஃபிலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு ரீஃபிலும் கறை வேறோர் இடத்தில் விழும், பாட்டன் பைகளுக்கு மிக அருகிலும் விழக்கூடும். அந்தக் கறைகளோடேயே பாயைத் திருப்பி அனுப்பி, அவ்விடங்களில் காப்புத் துணியைத் தைத்து வாங்குங்கள்.