தம்பியின் தோடிக்கு வினைலா, சிடியா?

என் தம்பி நாகஸ்வரம் வாசிக்கிறான். போன தை மாதம் ஆடுதுறைப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் அவன் தோடி ராகத்தைப் பதிவு செய்தோம். ஆலாபனை, கீர்த்தனை, தவில் மட்டும் முழங்கும் தனி எல்லாம் சேர்த்து நிறுத்தாமல் 52 நிமிடம். அதை வினைலில், அதாவது முள் வைத்துக் கேட்கும் இசைத்தட்டில் வெளியிடுவதா, சிடியிலா என்பதுதான் கேள்வி. கம்பெனி கிடையாது, குடும்பக் காசுதான்.

எனக்கு ஆசை வினைல் மேல். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஊர் ஊராகப் போனதே நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில்தானே. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும், ஆனாலும் இன்றுவரை பேசுகிறார்கள். அதனால் மாதிரிக்கு ஒரே ஒரு எல்பி (மெதுவாகச் சுற்றும் 12 அங்குல வினைல் தட்டு) வெட்டி வாங்கினேன். முதல் 22 நிமிடம் ஒரு பக்கம், கடைசி 22 நிமிடம் மறுபக்கம், நடுவில் 8 நிமிடத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. அதற்கு மேல் நெருக்கினால் ஒலியைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும்.

முதல் பக்கம் வைத்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் காற்று புகுவதுகூடக் கேட்டது. மறுபக்கத்தில்தான் சிக்கல். தட்டின் ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது வட்டம் சுருங்கி, அதில் பாதிகூட ஓடுவதில்லை. நுணுக்கமான ஒலிக்கு அங்கே இடம் போதாது. நம் கச்சேரியில் உச்சமோ கடைசியில்தான் வருகிறது! தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரலில் மாட்டும் கூடு விழும் அந்த ‘நறுக்’, தனி சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மங்கிப்போனது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

அப்புறம் வெயில். சித்திரையில் மன்னார்குடிக்கு எடுத்துப் போய், மதியம் நிறுத்திய காரிலேயே தட்டை விட்டுவிட்டேன். ஓரம் வளைந்துவிட்டது. இப்போது முள் ஏறி ஏறி இறங்குகிறது.

சிடியில் 80 நிமிடம் வரை போகும், தோடியை எங்கேயும் வெட்ட வேண்டாம். தனியின் கடைசி அடி, முதல் அடி மாதிரியே தெளிவாக விழுகிறது. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். முதலில் ஒரு இடத்தில் அச்சு வார்த்த சிடி என்று சொல்லி, கணினியில் எழுதிய சிடி 50 அனுப்பினார்கள். அடிப்பக்கம் பச்சையாக மின்னினால் அது எழுதியது. அச்சில் வார்த்தது சுத்த வெள்ளியாக இருக்கும். அத்தை வீட்டுப் பழைய பிளேயரில் பாதி சிடி ஓடவே இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. வேறு இடத்தில் 500 வார்த்து வாங்கினோம், அத்தனையும் நன்றாக ஓடுகின்றன. எனக்கு வந்த விலைப்படி அதே காசுக்கு நூறு வினைல்கூடக் கிடைக்காது.

சிடியில் எனக்கு ஒரே குறை அட்டை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரம் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எழுத்து பொடிப்பொடியாகிவிட்டது, அப்பாவால் படிக்க முடியவில்லை. 12 அங்குல வினைல் உறையில் அது எப்படி இருந்திருக்கும்!

தோடி சிடியிலேயே இருக்கட்டும். அடுத்து, சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிகளைப் பதிவு செய்யப் போகிறோம். ஒவ்வொன்றும் சின்னது, பக்கத்துக்கு 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முள் லேபிள் வரை போகவே வேண்டாம். அதை வினைலில் போடத்தான் இப்போது காசு சேர்க்கிறேன்.