ஹபிளின் வைட் ஃபீல்டு கேமரா 3: ஒரு மதிப்பீடு

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு இதுவரை கிடைத்த படக்கருவிகளுள், 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்கலத்தில் சென்ற வீரர்கள் பொருத்திய வைட் ஃபீல்டு கேமரா 3 தான் தலைசிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன். 1993இல் வந்த இரண்டாம் கேமரா, ஒளியை ஒரே புள்ளியில் குவியவிடாத, முதன்மை ஆடியின் வடிவக் குறையான கோளப் பிறழ்ச்சியைத் தன்னுள் இருந்த சிறு ஆடிகளால் ஈடுசெய்து, மங்கலாகத் தெரிந்த வானத்தைத் தெளிவாக்கியது. அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு. ஆயினும் புற ஊதாவின் 200 நானோமீட்டர் முதல் அகச்சிவப்பின் 1,700 நானோமீட்டர் வரை ஒரே கருவிக்குள் அடக்கியது மூன்றாம் கேமராவே.

அதன் அகச்சிவப்புப் பிரிவு என்னை மிகவும் கவர்கிறது. ஹபிளில் முன்னிருந்த அகச்சிவப்புக் கருவியான நிக்மோஸ் குளிர்ச்சிக்கு உறைநைட்ரஜனை நம்பியிருந்ததால், 1999இல் அது தீர்ந்தபின், 2002இல் தனிக் குளிரூட்டி பொருத்தப்படும்வரை செயலற்றுக் கிடந்தது. புதிய கேமராவுக்கோ ஏறத்தாழ 1,700 நானோமீட்டருக்கு அப்பால் உணராத உணரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு மேற்பட்ட அலைநீளங்களில் தொலைநோக்கியின் சொந்த வெப்பமே படத்தைக் கெடுக்கும் என்பதால் இழப்பு குறைவு. உணரியை 145 கெல்வின் அளவில் வைத்திருக்க மின்சாரத்தால் வெப்பத்தை வெளியேற்றும் வெப்பமின் குளிர்விப்பானே போதும், தீர்ந்துபோகும் பொருள் எதுவும் தேவையில்லை. பார்வைப் பரப்பும் நிக்மோஸின் மிக அகன்ற பிரிவைவிட ஆறு மடங்குக்கு மேல் பெரியது. ஜிஎன்-இசட்11 என்னும் மிகத் தொலைவான விண்மீன் மண்டலத்தின் தூரத்தைக் கணித்து 2016இல் வெளியான ஆய்வுக்கு ஆதாரமான நிறமாலை, இந்தப் பிரிவு பதிவுசெய்ததுதான்.

புற ஊதா மற்றும் கண்ணுறு ஒளிப் பிரிவின் வடிகட்டி அமைப்பு, 1993இல் பூமிக்குத் திரும்பிய முதல் கேமராவிலிருந்து எடுத்துப் புதுப்பிக்கப்பட்டது என்பது பாராட்டத்தக்க சிக்கனம்.

குறைகளும் உண்டு. ஒளியை இரு பிரிவுகளுள் ஒன்றுக்கே திருப்ப முடியும் என்பதால், ஒரே பொருளை இரண்டிலும் படம்பிடிக்க இருமுறை நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அகச்சிவப்புப் படப்புள்ளி ஒன்று சுமார் 0.13 வில்விநாடி (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) அகலமுள்ளது. தொலைநோக்கியின் முழுக் கூர்மையைப் பெற, சற்றே நகர்த்தி எடுத்த பல படங்களை இணைத்தாக வேண்டும். கதிர்வீச்சால், புற ஊதா மற்றும் கண்ணுறு ஒளிப் பிரிவில் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி உணரிகள் தேய்ந்து, மங்கிய பொருள்களின் மின்னூட்டம் வாசிப்பின்போது சிந்திவிடுகிறது. மென்பொருள் திருத்தம் ஓரளவே கைகொடுக்கிறது.

கண்ணுறு ஒளியில் பரந்த வானத்தை அளப்பவர்கள், 2002இல் வந்து 2009 பயணத்தில் பழுதுபார்க்கப்பட்ட, ஹபிளின் மற்றொரு படக்கருவியான ஏசிஎஸ் கேமராவையே முதலில் நாடலாம். அதன் பார்வைப் பரப்பு இதைவிடப் பெரியது. இரண்டும் அருகருகே உள்ள வானப் பகுதிகளை நோக்குவதால், ஒன்று முதன்மையாக இயங்கும்போது மற்றதையும் இணையாக இயக்கக் கோருவதே ஒதுக்கப்பட்ட நேரத்தை முழுமையாகப் பயன்படுத்தும் வழி.