முயல் ரெட்டிகுலோசைட் லைசேட் கிட்: கரு ஆய்வுக்கு ஒத்துவருமா?

முயலின் முதிராத சிவப்பணுக்களை உடைத்தெடுத்த சாறுதான் இந்த லைசேட்; எம்ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான மரபுச் செய்தி) சோதனைக் குழாயிலேயே புரதமாக்கும். லூசிஃபெரேஸ் என்ற ஒளிதரும் நொதியின் எம்ஆர்என்ஏ புரதமாகிறதா என்று பார்க்க மட்டும் என்றால் அருமையான கிட். 50 மைக்ரோலிட்டர் கலவையில் 35 லைசேட், 30 டிகிரி செல்சியஸ், 90 நிமிடம், அவ்வளவுதான்.

பழ ஈயின் இளங்கருவில் நானோஸ் மரபணுவின் எம்ஆர்என்ஏவை ஸ்மாக் புரதம் அடக்குவதை, அதாவது புரதமாகாமல் தடுப்பதைச் சோதிக்க வாங்கினால் ஏமாற்றமே. ஸ்மாக், கப் புரதத்தைக் கூட்டிவந்து எம்ஆர்என்ஏவின் முன்முனைத் தொப்பியைப் பிடிக்கும் இஐஎஃப்4இ புரதத்தை முடக்குகிறது. பின்முனையிலுள்ள பாலி-ஏ வாலையும் கத்தரிக்க வைக்கிறது. இந்த லைசேட்டோ தொப்பியையும் வாலையும் பெரிதாகச் சட்டை செய்யாது. பழ ஈக் கருச்சாறுதான் இதற்குச் சரி.

இன்னொன்று: நீங்கள் சேர்க்கும் ஸ்மாக் புரதத்தின் பஃபர் கரைசலில் கால்சியம் இருந்தால், லைசேட்டில் உறங்கும் மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதி விழித்து எம்ஆர்என்ஏவைத் தின்றுவிடும். அதை அடக்கம் என்று நம்பிவிடுவீர்கள்! வித்தியாசம் தெரிய, ஸ்மாக் ஒட்ட முடியாதபடி பிணைப்பிடம் மாற்றிய எம்ஆர்என்ஏவையும் கூடவே ஓட்டுங்கள்.